எட்டுப் பிள்ளைகளை வைத்து ஜெயித்தவருக்கு என்ன தெரியும்?

"தோட்டத்துப் பள்ளியில ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" மாவட்டப் போட்டி முடிந்து, கிண்ணத்தை வேனில் ஏற்றும்போதே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் விளையாட்டு தெரிந்தவர், ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர், இன்று ஏதோ ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியையின்மேல் அவருக்கு மரியாதையும் உண்டு. "டீச்சர் நல்லாத்தான் செய்றாங்க. அந்த இடத்துக்கு அது போதும்" என்பார். எனக்குச் சண்டை இந்தப் பாராட்டோடுதான்.

ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்கோ, சுக்மா தேசிய விளையாட்டுப் போட்டிக்குப் போகும் மாநில அணிக்கோ பயிற்சியாளர் தேவைப்படும்போது மேசைமேல் வரும் பெயர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தேசிய அணிக்கு ஆடியவர், பட்டணத்துப் பெரிய பள்ளிக்கு வரிசையாகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர், வெளிநாட்டில் பயிற்சி எடுத்துத் திரும்பியவர். சிலாங்கூரின் புக்கிட் பெலிம்பிங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தென்னமரம் போன்ற தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியையின் பெயர் அப்படிப்பட்ட பேச்சில் அடிபட்டு நான் கேட்டதில்லை. காரணம் கேட்டால் நாலு பதில் வரும்: சின்ன இடத்து வெற்றி கணக்கில் சேராது, பெண் பயிற்சியாளர் தொடக்கப்பள்ளிக்குச் சரி, அதற்குமேல் தாங்காது, உண்மையிலேயே திறமை இருந்தால் யாராவது இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள், அவரையும் இழுத்துக்கொண்டு போனால் தோட்டத்துப் பிள்ளைகள் கதி என்ன? கடைசிக் கேள்வியில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மற்ற மூன்றும் பழக்கத்தில் சொல்லப்படுபவை.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் ஆட்டம் வலைப்பந்து. கூடைப்பந்து பெரும்பாலும் சீனப் பள்ளிகளின் ஆட்டமாகவே நின்றுவிட்டது. வலைப்பந்தும் கூடைப்பந்திலிருந்து பிரிந்து வந்ததுதான். வளையத்தின் உயரம்கூட ஒன்றே, 3.05 மீட்டர். ஏழு பேர் ஆட வேண்டும், ஏழு பேருக்கும் வேறு வேறு வேலை, வேறு வேறு எல்லை. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் நூறு பெண்கள் பேர் கொடுப்பார்கள். உயரமானவள் கோல் எறியும் ஜி.எஸ்., ஓயாமல் ஓடுபவள் நடுக்கள சி., கை நீண்டவள் கோலைக் காக்கும் ஜி.கே. என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் நாட்டில் 150 பேருக்கு மேல் இல்லாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறோம். தோட்டம் காலியாகி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணம் பார்த்துப் போய்விட்ட பிறகு, அந்த 150-க்கும் வெகு கீழே நிற்கும் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் உண்டு. அங்கே நாலாம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பெண்களை மொத்தமாக எண்ணினாலும் எட்டோ ஒன்பதோதான் தேறும். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் காதுகுத்து என்றால் அன்றைக்கு ஆட்டமே இல்லை.

பெரிய பள்ளியின் கிண்ணத்தில் பயிற்சி எவ்வளவு, பொறுக்கி எடுத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எட்டுப் பேரை வைத்து மாவட்ட அரையிறுதிக்கு வந்தவரிடம் அந்தச் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. அவர் யாரையும் பொறுக்கவில்லை. இருந்தவர்களை ஆட வைத்தார். பயிற்சியாளரை எடைபோட வேண்டும் என்றால் இதைவிடச் சுத்தமான தராசு எங்கே கிடைக்கும்?

ஒரு தோட்டப் பள்ளியின் சபைகூடல் தளத்தில் அப்படி ஒரு பயிற்சியைப் பார்த்திருக்கிறேன். தார்த்தளம். மழை பெய்து கோல் வட்டம் அழிந்திருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் பிள்ளைகளே திரும்பக் கீறினார்கள். கம்பம், சிமெண்டு ஊற்றிய லாரி டயரில் நின்றது. ஆசிரியையின் கையில் மூன்றடிக்கு வெட்டிய துடைப்பக்கட்டை. வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளின் காலிலிருந்து மூன்றடி தள்ளித்தான் தடுப்பவள் நிற்க வேண்டும்; நெருங்கினால் தவறு. அவர் கட்டையைத் தரையில் வைத்து அளந்து காட்டினார், பிறகு எடுத்துவிட்டார். "இப்ப கட்டை இல்லாம நில்லு." நாலைந்து முறைக்குள் அந்தப் பிள்ளை சரியாக நின்றாள். அதற்கடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கோல் போடும் பெண் சட்டைக்குமேல் போட்டிருந்த எழுத்துப் பட்டையைக் கழற்றி, தடுக்கும் பெண்ணுக்கு மாட்டினார். இவளுடையது அவளுக்கு. "எங்க நின்னு கைய தூக்கினா ஒனக்கு எறிய கஷ்டமா இருக்குன்னு பாத்துக்கம்மா. நாளைக்கு நீ தடுக்கும்போது அங்கதான் நிக்கணும்." ஆளில்லாத குறைக்கு மாற்றிப் போட்டதாகச் சிலர் நினைக்கலாம். ஆளில்லாத குறையிலிருந்துதான் அது தொடங்கியது. ஆனால் பருவம் முடியும்போது அந்த எட்டுப் பேரும் ஆட்டத்தின் ஏழு வேலைகளையும் உள்ளிருந்து தெரிந்தவர்களாக இருந்தார்கள். நாலாம் ஆண்டிலிருந்து ஒரே இடத்தில் நின்று பழகிய பட்டணத்துப் பிள்ளைக்கு அது தெரியாது. கல்லூரிக்கு வரும்போது அவளுக்கு அதை முதலிலிருந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும்.

இப்படிப்பட்டவரைப் பெரிய இடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்கக் கல்லூரிகளின் பெண்கள் கூடைப்பந்து ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே சின்னக் கல்லூரியில் பேர் வாங்கியவரைப் பெரிய கல்லூரி கூப்பிடுவது அன்றாட வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் பருவம் முடிந்ததும், இன்னார் அடுத்த படிக்குத் தயார் என்று ரசிகர்களே பட்டியல் போட்டு அடித்துக்கொள்கிறார்கள்.

விவியன் ஸ்டிரிங்கரின் கதை நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். (பத்து ஆராங் சுரங்கத்தை நினைவில் வைத்திருக்கும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது எப்படிப்பட்ட வீடு என்று விளக்க வேண்டியதில்லை.) 1971-இல் செய்னி என்ற சின்னக் கறுப்பினக் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். பெண்கள் அணியைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார். பாடம் நடத்துவது தொழில், பயிற்சி கொடுப்பது மேற்கொண்டு செய்வது. நம் ஆசிரியைகளின் நிலை அப்படியே. பெரிய கல்லூரிகளைப்போல விளையாட்டு உதவித்தொகை காட்டி ஆள் சேர்க்க வழியில்லை. ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஜான் செய்னியோடு ஒரே அரங்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார். 1982-இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் முதல்முறையாகப் பெண்களுக்குத் தேசியப் போட்டி நடத்தியபோது, இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்று செய்னி. லூசியானா டெக்கிடம் 76-62 என்று தோற்றது.

மறு ஆண்டு அயோவா பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. "அந்த இடத்துக்கு அது போதும்" என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். 1985-இல் அயோவாவில் அவருடைய அணியின் ஓர் ஆட்டத்துக்கு 22,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்து நெருக்கியடித்தார்கள். 1993-இல் அயோவா கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2000-இலும் 2007-இலும் அதையும் அதே கட்டத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று வெவ்வேறு கல்லூரிகளைக் கடைசி நான்கில் நிறுத்திய முதல் பயிற்சியாளர் அவர். மூன்றில் முதலாவது, வசதியில் நம் தோட்டப் பள்ளியைப்போல ஏழை.

"ஸ்டிரிங்கர் ஆயிரத்தில் ஒருத்தி" என்பார்கள். சரி, இன்னும் சிலரைப் பார்க்கலாம். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு 2001-இலும் 2018-இலும் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த மஃபெட் மெக்ரா, அதற்குமுன் லீஹை என்ற சிறிய கல்லூரியில் இருந்தவர். கிம் கால்டுவெல், மேற்கு வர்ஜீனியாவின் மலைநாட்டுக் கல்லூரியான கிளென்வில்லில் தானே ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, 2022-இல் இரண்டாம் பிரிவுப் பட்டம் வென்றார். பிறகு மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம். 2024-இல் டென்னசி பல்கலைக்கழகம் அவரை எடுத்துக்கொண்டது. டென்னசி என்றால் பேட் சம்மிட் எட்டு முறை தேசியப் பட்டம் வென்ற இடம். கிளென்வில்லில் இருந்து வந்தவருக்கு அந்த நாற்காலியா என்று முணுமுணுத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். முதல் பருவத்திலேயே அணி கடைசிப் பதினாறுக்குள் வந்தது; 2007-க்குப் பிறகு முதல்முறையாகப் பெரிய இடமான கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை 80-76 என்று தோற்கடித்தது. அந்தக் கனெக்டிகட்டும் பிறக்கும்போதே பெரிய இடமாக இருக்கவில்லை. 1985-இல் ஜீனோ ஆரியம்மா அங்கே வரும்வரை, அந்தப் பெண்கள் அணி தோல்வியைவிட வெற்றி அதிகமாகக் கண்ட பருவம் ஒன்றே ஒன்றுதான். வேறொரு கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவரை நம்பிக் கொடுத்தார்கள்.

இப்படி ஏறியவர்கள் எல்லாரும் நிலைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. விழுந்தவர்களும் உண்டு. ஆனால் விழுந்ததற்குக் காரணம் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். பெரிய பெயருள்ளவர் தோற்றால், ஆட்டக்காரர்கள் சரியில்லை, நிர்வாகம் கைகொடுக்கவில்லை, காலம் போதவில்லை என்போம். சின்ன இடத்திலிருந்து வந்தவர் தோற்றால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்போம். இந்தத் தராசில் எந்தக் காலத்திலும் தோட்டத்து ஆசிரியை ஜெயிக்க முடியாது.

பெயருக்கு மயங்குவதில் நம் காற்பந்து நிறையச் செலவு செய்திருக்கிறது. தொண்ணூறுகளில் கிளாட் லெ ராய், பிறகு ஹாத்தெம் சுய்சி, 2000-க்குப் பிறகு ஆலன் ஹாரிஸ், பெர்ட்டலான் பிச்கெய் என்று வெளிநாட்டவர்கள் வந்து போனார்கள். 1989-க்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கம் கையில் சிக்கவில்லை. 2009-இல் பொறுப்பு கே. ராஜகோபாலிடம் வந்தது. அதற்குமுன் அவர் இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த டிசம்பரில் வியந்தியானில் தங்கம். அடுத்த ஆண்டு இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என்று வென்று, தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதல்முறையாகத் தூக்கியது. ராஜகோபால் நாட்டுக்கு ஆடியவர்தான், தோட்டத்திலிருந்து நேராக வந்தவர் இல்லை. ஆனாலும் கீழ்த்தட்டில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவரிடம் மேல்தட்டைக் கொடுத்தால் குடி முழுகிவிடாது என்பதை அந்த ஆண்டு எல்லாரும் பார்த்தோம். வெளிநாட்டவர் வேண்டாம் என்பதும் என் வாதமில்லை. 1980-க்குப் பிறகு தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆசியக் கிண்ணத்துக்குள் நம்மை நுழைய வைத்தவர் தென்கொரியரான கிம் பான் கொன். எங்கிருந்து வந்தார் என்று பார்த்து ஆளை முடிவுசெய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பெண் பயிற்சியாளர் மேலே தாங்கமாட்டார் என்ற பேச்சுக்கு வருகிறேன். 1972-இல் அமெரிக்காவில் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்குமேல் பயிற்சியாளர்கள் பெண்கள். சட்டத்தின் புண்ணியத்தில் அணிகளுக்குப் பணம் வந்தது, சம்பளம் வந்தது. பணத்தின் பின்னால் ஆண்கள் வந்தார்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தால் பெண் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய 40 விழுக்காடு. இடையில் பெண்களுக்குத் திறமை குறைந்துபோனதா? சம்பளமில்லாதபோது தாங்கியவர்கள், சம்பளம் வந்ததும் தாங்காதவர்கள் ஆனார்களாம்! நம் தொடக்கப்பள்ளிகளில் இதே கணக்கு இப்போதே நடக்கிறது. காசில்லாத வேலையை டீச்சர் செய்யலாம். படிப்பணமும் டீ-சட்டையும் உள்ள வேலைக்கு ஒரு அண்ணன் வந்துவிடுவார்.

"கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்" என்பதும் சேர்ந்தே வரும். கால்டுவெல் 2025 ஜனவரியில், பருவத்தின் நடுவில் பிள்ளை பெற்றார். ஒரு வாரத்தில் ஆடுகளத்துக்குத் திரும்பிவிட்டார். அந்த அவசரத்தை நான் மெச்சவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும், நம் வீட்டுப் பாட்டிகள் விடவும் மாட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது அந்த இடம் அவருக்காக இருந்தது என்பதைத்தான் காட்டுகிறேன். இந்தியாவில் 2020-இல் கோகுலம் கேரளா அணி பெண்கள் காற்பந்து லீக்கை வென்றபோது பயிற்சி கொடுத்தவர் பி.வி. பிரியா, ஒரு பெண். நாலு ஆண் பெயர்களுக்கு நடுவே ஒரு பெண் பெயரும் மேசைக்கு வந்தால்தானே தாங்குவாரா, மாட்டாரா என்ற பேச்சே எழும்.

திறமை இருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள் என்பவரிடம் ஒன்று கேட்கிறேன்: யார் கண்டுபிடிப்பார்கள்? மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து எம்.எஸ்.எஸ்.எம். தேசியப் பள்ளிப் போட்டி என்று ஏறும் ஏணி பிள்ளைகளுக்காகப் போடப்பட்டது. நன்றாக ஆடும் பெண்ணைத் தேர்வாளர் பார்க்கிறார், குறித்துக்கொள்கிறார், அவள் விளையாட்டுப் பள்ளிக்குப் போகிறாள், அடுத்த பயிற்சியாளரின் மாணவி ஆகிறாள். அவளுக்கு முதலில் மூன்றடி அளந்து காட்டியவரின் பெயர் எந்தப் பாரத்திலும் இல்லை. பிள்ளையைத் தேட ஆள் இருக்கிறது, ஆசிரியையைத் தேட ஆள் இல்லை. சான்றிதழ் இல்லையே என்பார்கள். உண்மை, தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் விளையாட்டு அறிவியல் ஒரு பக்கம், அந்தந்த ஆட்டத்தின் நுட்பம் ஒரு பக்கம் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. அதை எடுக்கத்தான் வேண்டும். காயம், உடல்வளர்ச்சி, உணவு பற்றித் தெரியாமல் பதினெட்டு வயதுப் பெண்ணைப் பிழிந்தெடுப்பது ஆபத்து. அப்படியானால் கட்டணத்தைச் சங்கம் கட்டட்டும், வகுப்பு நாள்களில் பள்ளி விடுவிக்கட்டும். படிக்கட்டை மறைத்து வைத்துக்கொண்டு, ஏறி வரவில்லையே என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

இப்போது நியாயமுள்ள அந்தக் கேள்வி. இவரும் போய்விட்டால் நம் பிள்ளைகள்? புக்கிட் பெலிம்பிங்கில் ஒரு பெண்பிள்ளை பயிற்சிக்கு வருவது என்றால் சும்மா இல்லை. தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் அம்மாவிடம் பேச வேண்டும். பள்ளி முடிந்ததும் கிளம்பும் வேன்காரரிடம், வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வரச்சொல்லிக் கெஞ்ச வேண்டும். அரைக்கால் சட்டை வேண்டாம் என்கிற தாத்தாவுக்கு நீளக் கால்சட்டை போட்டும் ஆடலாம் என்று எடுத்துச்சொல்ல வேண்டும். இதையெல்லாம் செய்பவர் போனால் அணியும் போகும் என்ற பயம் பொய் இல்லை. (அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரியின் வீட்டுக்கே போய்ப் பெற்றோரைப் பேசிச் சம்மதிக்க வைப்பதை அங்கே தொழிலின் பாதி என்கிறார்கள். இங்கே அது டீச்சரின் நல்ல மனசு.)

ஆனால் அவர் இப்போதும் நம்மோடு நிலையாக இருக்கப்போவதில்லை. இடமாற்றம் என்று ஒன்று இருக்கிறது. கணவர் வேலை சிரம்பானில், மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, மனு போடுகிறார், ஒருநாள் கிடைத்துவிடுகிறது. புதிய பள்ளியில் வலைப்பந்துக்கு ஏற்கெனவே ஆள் இருப்பார். இவருக்குச் செம்பிறைச் சங்கத்தைக் கொடுப்பார்கள். அதோடு ஒரு பயிற்சியாளர் காணாமல் போகிறார். தோட்டமும் இழந்தது, கல்லூரிக்கும் கிடைக்கவில்லை. அப்போது "நம் பிள்ளைகள் கதி என்ன" என்று கேட்டு யாரும் கூட்டம் போட்டதில்லை. மேலே போகும்போது மட்டும் ஏன் இந்த அழுகை?

அணி ஒருவரோடு போகாமல் இருக்க வேண்டும் என்றால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் இன்னொருவரை நிறுத்த வேண்டும். முன்னாள் மாணவிகள் இருக்கிறார்கள், இடைநிலைப்பள்ளி முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் போக்குவரத்துக்கு நாலு வெள்ளி கொடுத்தால் வந்து நிற்பார்கள். எண்ணெய்ப் பனைக்கு நடுவே, பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகமே இருக்கிறது. அடுத்த படி கடல் தாண்டி இல்லை. கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டே சனிக்கிழமை காலையில் பழைய பள்ளியின் தார்த்தளத்தில் வந்து நிற்கிற தூரம்தான்.

கல்லூரிகள் செய்ய வேண்டியதும் பெரிய புரட்சி ஒன்றுமில்லை. தலைமைப் பொறுப்பை முதல் நாளே தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஒரு பருவத்துக்கு உதவிப் பயிற்சியாளராக, படிப்பணத்தோடு, எழுத்தில் போட்ட வேலையாகக் கொடுங்கள். நேர்முகத்தில் எத்தனை கிண்ணம் என்று கேட்பதற்குமுன் எத்தனை பேரை வைத்து என்று கேளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வந்த பெண்களில் எத்தனை பேர் ஆண்டு முடிவிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள், பள்ளி மாறிய பிறகு எத்தனை பேர் விளையாட்டை விடாமல் இருந்தார்கள் என்று கேளுங்கள். பட்டணத்துப் பள்ளியின் பயிற்சியாளரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

கேட்டால், வரவில்லை என்று சொல்பவர்களும் இருப்பார்கள். எனக்கு என் பள்ளியும் இந்த எட்டுப் பேரும் போதும் என்பார்கள். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. இத்தனை காலமாக அதை அவர்களைக் கேட்காமல், வேறு யாரோ டீக்குடித்துக்கொண்டே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.